எனக்கென்று வந்த எஞ்சின்

தேக்கா சந்தையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு பழைய கடைத்தொகுதி வரும். அதன் மூன்றாவது மாடியில், ஒரு தையல் கடைக்கும் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஒரு பயண முகவர் அலுவலகத்துக்கும் நடுவே, பொம்மை ரயில் விற்கும் கடை இருக்கிறது. பொம்மை என்று எழுதுவது உங்களுக்குப் புரிவதற்காகத்தான். கடைக்குள் அப்படிச் சொன்னால் அங்கே நிற்கிற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி முறைப்பார்கள். மாடல் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதினொரு வருஷமாக அங்கே போய்வருகிறேன். இன்றைக்கும் யாராவது புதிய ஆள் நின்றால் என் கையில் இருக்கும் தண்டவாளத் துண்டைப் பார்த்துவிட்டு, "ஃபார் யுவர் சன் ஆ?" என்று கேட்காமல் இருப்பதில்லை. எனக்கு மகன் கிடையாது. ஒரே மகள், பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். "அம்மா, என் ஃபிரண்ட்ஸ் வர்றப்போ மட்டும் அந்த ரூம் கதவை மூடிடுங்க, ப்ளீஸ்" என்பதுதான் ரயிலைப் பற்றி அவள் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு.

அந்த ரூம் என்பது சுவா சூ காங்கில் எங்கள் வீட்டின் மூன்றாவது படுக்கையறை. வார நாட்களில் நான் பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், எக்ஸ்ரே எடுக்கிறேன். மற்ற நேரம் அந்த அறையில் இருப்பேன். என் வண்டிகள் 'என்' கேஜ் என்ற சிறிய வகை. தண்டவாளத்தின் அகலம் ஒன்பது மில்லிமீட்டர். தமிழ்க் காதுக்கு அது என்னுடைய கேஜ் என்று கேட்கும். முதன்முதலில் எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வேறு காரணம் கேட்டால் என்னிடம் இல்லை. சிலருக்கு ஆர்க்கிட் பிடிக்கிறது, எனக்கு ரயில் பிடிக்கிறது.

கடைக்கு வருகிறவர்களில் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு மீட்டர் நீளப் பலகையில் தண்டவாளம் போட்டு, சுற்றிலும் மரம், வீடு, ஸ்டேஷன் என்று எதையாவது அமைப்போம். கண்காட்சி நாளில் எல்லாப் பலகைகளையும் சேர்த்துப் பூட்டினால் ஒரு பெரிய வளையம் ஆகிவிடும். குழுவில் நான் ஒருத்திதான் பெண். அதனால் கண்காட்சிக்கு வடை வாங்கும் பொறுப்பு யாரும் சொல்லாமலே என்னுடையது. இரண்டு வருஷம் முன்பு, வேறு யாராவது வாங்கட்டும் என்று குழு அரட்டையில் எழுதினேன். பதினான்கு பேரும் படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. கடைசியில் நானே வாங்கினேன்.

என் பலகையில் புக்கித் தீமாவின் பழைய இரும்பு ரயில் பாலத்தைச் செய்தேன். இப்போது அதன்மேல் ரயில் போவதில்லை. ஆட்கள் நடக்கிறார்கள், கல்யாணப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அங்கே போய்க் குந்தியபடி அதன் இரும்பு ஆணிகளை எண்ணினேன். ஓடிக்கொண்டிருந்தவர்கள் என்னை அரசாங்க ஆய்வாளர் என்று நினைத்து, "மார்னிங், மேம்" சொல்லிவிட்டுப் போனார்கள். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

பாலம் தயார், ஆனால் அதன்மேல் ஓட்ட வண்டி இல்லை. அந்தப் பாலத்தில் ஓடியது மலேசியாவிலிருந்து வந்த டீசல் எஞ்சின். ஜப்பான் வண்டி கிடைக்கும், ஜெர்மன் வண்டி கிடைக்கும், சுவிட்சர்லாந்தில் மலையேறும் வண்டி சிவப்பு நிறத்தில் மூன்று அளவுகளில் கிடைக்கும். நம் ஊருக்குள் ஓடிய வண்டியை மட்டும் யாரும் செய்வதில்லை. அப்படியிருக்க, ஒரு சிறு தயாரிப்பாளர் அதைச் செய்யப்போவதாகக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார். கடைக்காரர் சீனர், அறுபது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். மொத்தமே கொஞ்சம்தான் செய்கிறார்களாம், நம் கடைக்கு இரண்டுதான் வருமாம். இன்னொருவர் ஏற்கனவே ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். இரண்டாவதற்கு என் பெயரை எழுதச் சொன்னேன். எக்ஸ்ரே அறைக்குள் ஃபோனை வைத்துக்கொள்ள முடியாது என்பதால், என் எண்ணுக்குக் கீழே கணவரின் எண்ணையும் கொடுத்தேன்.

பிறகு காத்திருந்தேன். ஜூன் என்றார்கள். ஜூனில் அச்சு சரியில்லை என்றார்கள். அடுத்த ஜனவரியில் வண்ணம் தப்பாக வந்துவிட்டது என்றார்கள். ஒவ்வொரு செய்தியையும் சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டிக் கேட்டார். இப்படியே இருபத்தொரு மாதம் போயிற்று.

ஒரு சனிக்கிழமை பசை வாங்கக் கடைக்குப் போனேன். எஞ்சின் எப்போது வரும் என்று வழக்கம்போலக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கம் ஆல்ரெடி. யுவர் ஹஸ்பெண்ட் சே நோ நீட். சோல்ட் லா."

போன வாரமே வந்துவிட்டதாம். எனக்கு இரண்டு முறை அழைத்தாராம், எடுக்கவில்லையாம். பிறகு கணவரை அழைத்தாராம். அவர் வேண்டாம் என்றதும், முதல் எஞ்சினை வாங்க வந்தவர் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். பசையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

எம்ஆர்டி ரயிலில் வீடு வந்து சேரும்வரை, ஏதோ தவறாகக் கேட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கணவர் கூடத்தில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கடையிலேருந்து உங்களுக்கு ஃபோன் வந்துச்சா?"

"ஆமா, போன வாரம். ஆர்டர் வந்துருச்சுன்னாரு. நீதான் ரயிலை ஓட்டுற அந்த கண்ட்ரோலரை வேற எடத்துல செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டியே. அதான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"கண்ட்ரோலர்னு அவரு சொன்னாரா?"

"ஆர்டர்னுதான் சொன்னாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீ வேலையில இருந்த. வீட்டுக்கு வந்ததும் சொல்லணும்னு நெனச்சேன். மறந்துட்டேன் லா." பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன், அது வேறயா?" என்றார்.

அவருக்குப் பிடித்த காற்பந்துக் குழுவில் யார் எங்கிருந்து வந்தார், யாருக்கு எந்த முட்டியில் அறுவை சிகிச்சை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொண்டதில்லை, அவர் சொல்லச் சொல்ல மனதில் நின்றுவிட்டது. நான் இருபத்தொரு மாதம் பேசியதில் அவர் மனதில் நின்றது 'ரயில்' என்ற ஒரு சொல் மட்டும்தான். எஞ்சின் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். வாங்கியவரின் எண்ணைக் கடைக்காரர் தர மறுத்து, என் எண்ணை வேண்டுமானால் அவரிடம் சேர்ப்பிக்கிறேன் என்றாராம். அன்று மாலையே எனக்குத் தமிழில் ஒரு செய்தி வந்தது: 'வணக்கம் அக்கா, எஞ்சின் விஷயமா கடை அங்கிள் சொன்னாரு.'

அந்தக் கடைக்கு வரும் ஒரே தமிழ் ஆள் நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். சந்தோஷமாகிவிட்டது. நம்மாள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

தோ பாயோவில் கோயிலுக்குப் பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் அவர் வீடு. நானும் வருவேன் என்று கணவர் பிடிவாதமாகக் கூட வந்தார். அந்தத் தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், வங்கியில் வேலை. அம்மாவோடு இருக்கிறார். அவர் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசை வரிசையாகப் பெட்டிகள். தண்டவாளம் எங்கே என்று தேடினேன். ஒரு அங்குலம்கூட இல்லை. எந்தப் பெட்டியும் பிரிக்கப்படவில்லை.

என் எஞ்சின் இரண்டாவது தட்டில் இருந்தது. பக்கத்திலேயே அதன் இரட்டை. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். என் கையில் தரவில்லை.

"ஓட்டிப் பாத்தீங்களா?" என்றேன்.

"ஐயோ, சீல் கிழிச்சா மதிப்பு போச்சு அக்கா."

"அப்ப உள்ள எஞ்சின் இருக்குன்னு எப்படித் தெரியும்?"

கொஞ்சம் யோசித்தார். "வெயிட் இருக்கே."

பாலத்தைப் பற்றிச் சொன்னேன், படம் காட்டினேன். அழகாக இருக்கிறது என்று உண்மையாகவே பாராட்டினார். ஒன்றை எனக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டதும் முகம் வாடிவிட்டது.

"சாரி அக்கா. ஒண்ணு கீப், ஒண்ணு ஸ்பேர். நான் எப்பவுமே ரெண்டுதான் வாங்குவேன்."

அதுவரை வாயே திறக்காத என் கணவர் முன்னால் வந்தார். "ஸ்பேர் எதுக்கு தம்பி? நீங்க இதை ஓட்டவே போறதில்ல. ஓடாத வண்டி எப்படிக் கெட்டுப்போகும்? உங்க வீட்டுல என்ன ரெண்டு ரைஸ் குக்கரா வெச்சிருக்கீங்க?"

"மூணு இருக்கு," என்று சமையலறையிலிருந்து அவர் அம்மாவின் குரல் வந்தது. "ஒண்ணு லக்கி டிராவுல விழுந்தது."

அந்த அம்மா கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு எழுந்தோம். விற்கிற எண்ணம் வந்தால் முதலில் உங்களுக்குத்தான் என்று தம்பி வாசல்வரை வந்து சொன்னார். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது, "அவனுக்கு மண்டை சரியில்ல," என்றார் கணவர். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது பெட்டியை அவர் அலமாரிக்கு அனுப்பிவைத்தது யார் என்று கேட்க வாய்வரை வந்தது. மின்தூக்கி வந்துவிட்டது.

கண்காட்சி செம்பவாங்கில் ஒரு சமூக மன்றத்தில் நடந்தது. என் பாலத்தின் மேல் ஜப்பானியப் புல்லட் ரயில் போயிற்று. நீராவி எஞ்சின் ஒன்று போயிற்று. சுவிஸ் மலை வண்டி நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தது. குழுத் தலைவர் குனிந்து பாலத்தைப் பார்த்து, "நைஸ் சீனரி, சிஸ்டர்," என்றார். அடுத்த மூச்சில், வடை எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் வெகுநேரம் நின்று பார்த்தார். "இது புக்கித் தீமா பாலம்தானே? இதுல எப்பம்மா புல்லட் ரயில் ஓடுச்சு?" என்றார். சிரித்து வைத்தேன்.

மதியம் தோ பாயோ தம்பி வந்தார். பஞ்சு வைத்துத் தைத்த பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார்.

"அக்கா, உங்க பாலத்து மேல வெச்சு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"எஞ்சினையா?"

"இல்லக்கா, பெட்டியோட."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டி ஒன்று கடந்து போகட்டும், பிறகு சட்டென்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வண்டி போனதும் பெட்டியைப் பாலத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, கோணம் பார்த்துக்கொண்டு பின்னால் போனார். முன்னால் வந்தார். மறுபடி பின்னால் போனார். மேஜையின் மறுகோடியில் கண்ட்ரோலரோடு நின்ற தலைவருக்குக் கூட்டத்தில் இது எதுவும் தெரியவில்லை. புல்லட் ரயில் வளைவைத் தாண்டி வந்து நேராகப் பெட்டியில் இடித்தது. ரயிலின் மூன்று பெட்டிகள் கவிழ்ந்தன. பாலத்தின் பக்கச் சட்டம் ஒன்று பட்டென்று முறிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒட்டிய சட்டம்.

தம்பி பாய்ந்து தன் பெட்டியைத்தான் எடுத்தார். ஒரு மூலை நசுங்கியிருந்தது. அதைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"பெட்டிதான் நசுங்கிப்போச்சே தம்பி. இனிமே உங்களுக்கு அது எதுக்கு? நீங்க குடுத்த விலையே குடுக்கிறேன். எனக்குக் குடுத்துடுங்க."

நிஜமாகவே யோசித்தார். என் பாலத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "இல்லக்கா," என்றார் மெதுவாக. "இப்ப இதுக்கு ஒரு ரீப்ளேஸ்மென்ட் தேடணும்."

என் கணவர் ஏதோ சொல்லப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். சொல்லி என்ன ஆகப்போகிறது? மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பசையைத் தேடினேன். அன்று கடையில் வைத்துவிட்டு வந்தேனே, பிறகு வாங்கவே இல்லை. தலைவரிடம் இரவல் கேட்டு வாங்கி ஒட்டினேன். அதற்குள் வடை வந்துவிட்டது, அதையும் நான்தான் போய் வாங்கி வைத்தேன்.

தயாரிப்பாளருக்கு மூன்று மின்னஞ்சல் எழுதினேன். மறுபடி செய்யும் திட்டம் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. கடையில் கணவரின் எண்ணை அடித்து நீக்கச் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் சாப்பிடும்போது அவரிடம் நான் ஏதாவது சொன்னால், "எது, கண்ட்ரோலரா, எஞ்சினா?" என்று நிறுத்திக் கேட்கிறார். நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது.

இப்போது அந்த எஞ்சினை நானே செய்துகொண்டிருக்கிறேன். மலிவான ஜப்பானிய வண்டி ஒன்றை வாங்கி, மேற்பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் தகட்டில் புதிய உடல். முதல் இரண்டும் குப்பைக்குப் போயின. மூன்றாவதைச் சென்ற வாரம் முடித்தேன். பக்கவாட்டில் பார்த்தால் குறை சொல்ல முடியாது. முன்னாலிருந்து பார்த்தால் ஓட்டுநரின் ஜன்னல் ஒன்று மற்றதைவிட அரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. கணவர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே. நல்லாத்தானே இருக்கு."

எனக்குத் தெரிகிறது. சனிக்கிழமை புதுத் தகடு வாங்க வேண்டும்.