பிலோமினாவின் ஓலைச் சிலுவை

என் மனைவி பிலோமினா ஒரு பொருளைப் பயனில்லை என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் குறுகிய ஒழுங்கை வழியாக வரும் முனிசிபல் குப்பை வண்டி எங்கள் வாசலில் நிற்பதும் இல்லை. வண்டி மாடு இதை ஆளில்லாத வீடு என்றே முடிவு கட்டியிருக்கும்!

நிற்க வேண்டிய அவசியம்தான் என்ன? அரிசி கழுவிய தண்ணீர் அடுத்த வீட்டுப் பசுவுக்கு. சிரட்டை கரியாகி இஸ்திரிப் பெட்டிக்கு. தும்பும் அடுப்புச் சாம்பலும் சட்டி தேய்க்க. கோதுமை மாச் சாக்கு தலையணை உறை. மண்ணெண்ணெய் டின்னில் கறிவேப்பிலை. நான் வாராவாரம் தலையை உடைத்து எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்திகூட… மறுநாளே கருவாடு சுற்றத்தான். யுத்த காலம், சாமான் தட்டுப்பாடு என்று ஊரெல்லாம் இப்போதுதான் சிக்கனம் படிக்கிறது. அவளுக்கு அது பிறவிக் குணம்.

அப்படிப்பட்டவள் போன கிழமை ஒரு காய்ந்த ஓலையைக் கொடுக்க மாட்டேன் என்றாள்.

விபூதிப் புதனுக்கு முன் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. போன வருடக் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துத் தந்த ஓலைகளை வீடு வீடாகத் திரும்ப வாங்கி எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் எங்கள் நெற்றியில் பூசுவது.

கோயில் வேலை பார்க்கும் சூசை அண்ணன் சாக்கோடு வந்தார். சுவாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஓலைகளை பிலோமினா எடுத்துக் கொடுத்தாள். சிலுவையாகப் பின்னிய ஒன்றை மட்டும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

எங்கள் ஒரே மகன் அந்தோனி பின்னியது அது. அந்தக் குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து வந்து, தேத்தண்ணி ஆறும்வரை மேசையருகில் இருந்து பின்னினான். அதற்குப் பிறகு கப்பலில் குசினிச் சமையல் வேலைக்குப் போனவன்தான். வருஷம் ஒன்றாகப் போகிறது. ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

"அவன்ர கை பட்டது அண்ணே. எப்பிடி நெருப்பில போடுறது?" என்றாள். சூசை அண்ணன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பின்னேரம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நீளமாக… தூக்கத்தில் யாரோ கூப்பிடுவது மாதிரி. வேறு நாளென்றால் உடனே வாசலுக்கு ஓடுவாள். அன்று யன்னலோரம் இருந்து சிலுவையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்ந்து சுவரெல்லாம் மஞ்சளாகியது. கடற்காற்றில் திரை ஊதி ஊதி அடங்கியது. வீடே மெல்ல மிதந்து எங்கோ போவது போல எனக்கு இருந்தது. அவன் இருக்கும் பக்கமாகப் போனால் நல்லது என்று நினைத்தேன்.

எத்தனை நேரம் அப்படி இருந்தோமோ… அவள் மடியைக் குனிந்து பார்த்தாள். ஓலை ஓரமெல்லாம் தூள் தூளாக உதிர்ந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, இது இங்க கிடந்தா உதிர்ந்து குப்பையாத்தான் போகும். கோயில்ல குடுத்தா என்ர நெத்தியில இருப்பான்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். மடியில் இருந்த தூளையும் விடவில்லை, சேலைத் தலைப்பில் முடிந்து எடுத்துக்கொண்டு போனாள்.

புதன்கிழமை சுவாமியார் லத்தீனில் முணுமுணுத்தபடி அவள் நெற்றியில் சாம்பல் பூசினார். எல்லார் வீட்டு ஓலையும் ஒன்றாய் எரிந்த சாம்பல். அதில் எந்தத் துகள் எங்கள் பிள்ளையுடையது? கொட்டாஞ்சேனையில் எத்தனை தாய்மாரின் நெற்றியில் அந்தோனி இருந்தானோ… இவள் நெற்றியில் யார் யார் பெற்ற பிள்ளைகளோ!

அன்று அவள் முகம் கழுவவில்லை. விடிந்து பார்த்தால் மாச் சாக்கு உறையில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. வியாழக்கிழமை எங்கள் வீட்டில் துணி தோய்க்கும் நாள். அந்த உறை மட்டும் தோய்க்க வரவில்லை. மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஒரு வேலைக்கும் உதவாமல் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே பொருள், இப்போது அதுதான்.