எங்கள் பெயரில் போன மெயில்கள்

எங்கள் வாழைக்காய் ஏற்றுமதிக் கம்பெனியின் மெயில்கள் வாங்குபவர்களின் ஸ்பேம் பெட்டியில் போய் விழுகின்றன என்று பெரியகுளத்திலிருந்து ஒரு கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தேன். மெயில் முகவரியில் வரும் எங்கள் கம்பெனிப் பெயரான டொமைனுக்கு மூன்று பதிவுகள் போட வேண்டும் என்றார். எஸ்பிஎஃப் என்பது எந்தெந்த சர்வர் நம் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் நாம் போடும் முத்திரை. இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று அதைப் பெறும் சர்வருக்கு நாம் சொல்லிவைப்பது டிமார்க். "ஒரு மாசம் ரிப்போர்ட்டை மட்டும் பாப்போம்ணே. அவசரப்பட வேணாம்" என்றார்.

பத்தாம் நாள் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சர்வரிலிருந்து வாராவாரம் எங்கள் பெயரில் மெயில் போயிருக்கிறது!

"எவன்டா அந்தத் திருட்டுப்பய?" என்று கத்தினேன்.

"யாருன்னு விசாரிச்சுட்டு..." என்று அவர் இழுத்தார். எனக்கு எங்கே பொறுமை? தேறாத மெயிலை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடச் சொல்லி, உட்கார்ந்த இடத்திலேயே டிமார்க்கில் ரிஜெக்ட் போட வைத்தேன்.

அந்த வாரம் துபாய் ஆர்டர் வரவில்லை. ஆறு வருடமாகத் திங்கள்கிழமை தவறாமல் வருகிற ஆர்டர். என் கைராசி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எப்படியும் வந்துவிடும் என்று நம்பித் தார்களையும் வெட்டிவிட்டோம். வெட்டிய காய் காத்திருக்குமா? பதறிப்போய் துபாய் வியாபாரிக்குப் போன் போட்டேன். மலையாளி அவர்.

"நீங்க ஆரு? சேச்சி எவிடே?" என்றார்.

எந்தச் சேச்சி? வாராவாரம் விலையும் காயின் நிலவரமும் எழுதுகிற சேச்சியாம். மெயிலின் அடியில் இருந்த பெயரை வாசித்தார். என் அக்காவின் பெயர்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஆபீஸின் கடிதப் போக்குவரத்து முழுக்க அக்காதான் பார்த்தாள். வடுகபட்டிக்குக் கட்டிக்கொடுத்தபோது கட்டில், பீரோ, குத்துவிளக்கு என்று ஒன்று விடாமல் எண்ணி அனுப்பினோம். அவள் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை, நான் உட்பட.

பைக்கை எடுத்துக்கொண்டு வடுகபட்டிக்குப் பறந்தேன். மச்சானுடைய மோட்டார் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். துபாய் நம்பரை டயல் செய்து போனை அவள் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிடம் மலையாளத்தில் பேசினாள். "ஏத்தச் சொல்லிட்டாரு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீயாக்கா இத்தனை வருசமா?"

"பழைய மெயில் பெட்டி எங்கிட்டயேதான இருந்துச்சு. வர்ற மெயிலுக்கு நீ பதிலே போட மாட்டேங்குற. நம்ம காயி வீணாப் போகுமேன்னு இங்கன இருந்து எழுதுனேன். உம் மச்சானும் கடை சர்வர்லயே அனுப்பிக்கன்னுட்டாக."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "மெயிலு திரும்பி வந்தப்ப எனக்கு ஒரு போன் போட்டா என்ன? அம்புட்டுத் தாரும் மண்ணாப் போயிருக்குமே!"

அக்கா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். திரும்பி வந்த மெயில் அதில் இருந்தது.

"படிச்சுப் பாரு. டொமைன் ஓனர் உத்தரவுப்படி நிராகரிச்சாச்சுன்னு வந்திருக்கு. ஓனரு நீதான? உனக்கு வெவரம் தெரிஞ்சுபோச்சு, இவ வேணாம்னு நிப்பாட்டிட்டன்னு நெனச்சேன்டா."