கத்தி ஏறாத பனியன்

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் எனக்கு எந்தத் தொல்லை வந்தாலும் அதற்கு ஒரு சாமானை வாங்கி அனுப்பிவிடுவான். முட்டி வலி என்றேன், முட்டிக்கு ஓர் உறை வந்தது. கொசு என்றேன், நீல வெளிச்சத்தில் கொசுவைப் பொரிக்கிற பெட்டி வந்தது. ஒருத்தர் என்னை வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார் என்றேன். அதற்கும் ஒன்று வந்து சேர்ந்தது.

அப்படிச் சொன்னவர் அசலார் இல்லை, பெரியப்பா மகன். எனக்கு அண்ணன். திருத்துறைப்பூண்டியிலிருந்து கடல் பக்கமாக வந்தால் எங்கள் ஊர். என் வயலை ஒட்டியிருந்த தன் நிலத்தை வெட்டி அவர் இறால் பண்ணை போட்டார். உப்புத் தண்ணீர் வரப்புக்கு அடியில் ஊறி வந்து, என் சம்பாப் பயிர் நுனி சிவந்து கருக ஆரம்பித்தது. நியாயம் கேட்டேன். “ஊரு பூரா போடுது, எனக்கு மட்டும் என்ன சட்டம்?” என்றார். தாசில்தாருக்கு மனு கொடுத்தேன், அப்புறம் கலெக்டருக்குக் கொடுத்தேன். நான் போய் நின்றதும் ஊரில் பாதிப் பேர் என் பின்னால் வந்து நின்றார்கள். கோர்ட்டுக்குப் போயிற்று. கேஸ் இன்னும் நடக்கிறது, என் தலை நரைத்ததுதான் மிச்சம்.

அண்ணன் கட்சிக்காரர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஆட்சி மாறினால் அவர் வேட்டியின் கரையும் மாறும், அவ்வளவுதான். எந்த மந்திரி வந்தாலும் பொன்னாடையோடு முதல் ஆளாக நிற்பார். அவர்தான் கடைத்தெருவில் நாலு பேர் கேட்க, “தங்கச்சின்னு பாக்க மாட்டேன், வெட்டிப் போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்” என்று சொன்னாராம். கேட்டுச் சிரித்துவிட்டேன். சின்ன வயதில் ஓணானைக் கண்டால் என் பின்னால் ஒளிந்துகொள்கிறவர் அவர்.

அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை. என் பக்கம் சாட்சி சொன்ன ஒருவரை, என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, வாய்க்கால் மதகில் வைத்துக் கையில் வெட்டிவிட்டார்கள். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தையல். வெட்டியது யார் என்று போலீசுக்குத் தெரியவில்லை, எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால்கூடச் சொல்லும். பதிலுக்கு எங்கள் பக்கத்துப் பையன்கள் பண்ணைக் காவல்காரரை அடித்து வாய்க்காலில் தள்ளினார்கள். “அடுத்தது பெரியவருதான்” என்று அண்ணனைச் சொல்லி டீக்கடையில் சவடால் வேறு. கூப்பிட்டுத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, மறுபடியும் டீக்கடைக்கே போனார்கள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். “எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா. ஏதாவது நடந்தா உடனே போன் பண்ணுங்க” என்றார் அங்கிருந்த அதிகாரி. நடந்த பிறகு எந்தக் கையால் போன் பண்ணுவது என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் பார்சல் வந்தது. கறுப்பாக, கனமாக, பள்ளிக்கூடப் பை மாதிரி பக்கத்துக்கு ஒரு பட்டையோடு ஒரு பனியன். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தம்பி வீடியோ காலில் இருந்தான்.

“குண்டுகூடத் துளைக்காதாடா?” என்றேன்.

“குண்டுக்கு வேற, கத்திக்கு வேறக்கா. இது கத்தி ஏறாதது. விசாரிச்சுத்தான் வாங்கினேன்.”

“கழுத்து எங்க இருக்கு இதுல?” என்றார் என் வீட்டுக்காரர்.

“இது நெஞ்சு, வயிறு, முதுகுக்கு மாமா.”

“அருவா கழுத்துக்குல்லடா வரும்! நம்ம ஊர்ல எவன் வயித்தப் பாத்து நிதானமாக் குத்திக்கிட்டு நிக்கறான்?”

தம்பி முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. பாதி உடம்பாவது மிஞ்சட்டுமே என்று அவன் பக்கம் பேசினேன். வீட்டுக்காரர் அதைக் கீழே வைத்தார். அப்புறம் சொன்னார்: “இதப் போட்டுக்கிட்டா நீ எங்க வேணாலும் தைரியமாப் போவ. எனக்கு அதான் பயம்.”

இதையெல்லாம் சாதாரண ஜனங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குப் பளிச்சென்று பதில் வராது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மதகில் வெட்டு வாங்கியவரைக் கேட்டால் வேறு மாதிரிதான் சொல்வார். ஆனால் போட்டுப் பார்க்காமல் எனக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. போட்டுப் பார்த்தேன்.

மறைப்பது சுலபமாக இருந்தது. எங்கள் பக்கம் வயலில் இறங்குகிற பெண்கள் சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வது வழக்கம்தான். சட்டைக்குள்ளே என்ன இருக்கிறதென்று யார் பார்க்கப்போகிறார்கள்? குனிந்து ஒரு களை பிடுங்க முடியாது, அது ஒன்றுதான். வெயிலுக்கு உள்ளே இட்லி வெந்துவிடும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. அதைப் போட்டுக்கொண்ட நாளிலிருந்து எதிரே வருகிறவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். ஒரு நாள் கீரைக்கட்டோடு பின்னால் வந்து “அக்கா” என்று கூப்பிட்ட பெண்ணைக் கண்டு அலறிவிட்டேன். அவளும் அலறினாள். கீரை வாய்க்காலோடு போயிற்று.

கழற்றி வைத்துவிட்டாலோ, முன்னைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. இந்தப் பயத்தையும் சேர்த்து அல்லவா தம்பி அனுப்பியிருக்கிறான் என்று அவன்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஐப்பசி மழையில் பெரியம்மா செத்துப்போனாள். அண்ணனைப் பெற்றவள். கேஸ் போட்டதற்காக என்னைத் திட்டுவாள், பண்ணை போட்டதற்காக அவரைத் திட்டுவாள், திட்டி முடித்து இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளுக்குப் போகாமல் இருக்க முடியாது. வேண்டாம் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கே மனசு வரவில்லை. “அத மாட்டிக்கிட்டுப் போ” என்று மட்டும் சொன்னார். சாவு வீட்டுக்கு ஆண்பிள்ளைச் சட்டையோடு போக முடியுமா? ரவிக்கைக்கு மேலேயே பனியனைக் கட்டி, குளிருக்குப் போர்த்துகிறவள்போல முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு போனேன்.

பந்தலில் கட்சிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்களும் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் வர ரோஷம், வராமல் இருக்கவும் முடியாது. ஆற்றுக்குப் போகிற வரப்பில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

சாவு வீட்டில் பெண்களுக்குத் துக்கம் கேட்பதென்றால் கட்டிப்பிடித்து அழுவதுதான். இந்த ஒன்றை நானும் யோசிக்கவில்லை, தம்பியும் யோசிக்கவில்லை. என்னைக் கண்டதும் அண்ணி, அண்ணன் மனைவி, எழுந்து ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். “போயிட்டாங்களே” என்று முகத்தை என் தோளில் போட்டவள், ணங்கென்று இடித்துக்கொண்டு, பாதி ஒப்பாரியில் நின்றாள்.

கை மெல்ல என் முதுகைத் தடவிப் பார்த்தது. பட்டையைக் கண்டுபிடித்தது. எனக்கு உயிரே போயிற்று. சத்தம் போடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அழுகிற குரலிலேயே காதில் கேட்டாள்: “நீயும் போட்டிருக்கியா?”

“நீயும்னா?”

“உங்க அண்ணன் ஆவணியிலேருந்து இதோடதான் அலையறாரு. குளிக்கறப்ப மட்டுந்தான் கழட்டறாரு. டெல்லியிலேருந்து வரவழைச்சாரு.”

எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பு குலுங்க ஆரம்பித்துவிட்டது. சிரிப்பு. அடக்க அடக்க வருகிறது. சுற்றியிருந்தவர்கள் எங்கள் துக்கத்தைப் பார்த்து இன்னும் பலமாக அழுதார்கள்.

அப்போது வெளியே சடங்கு செய்கிறவரின் குரல் கேட்டது. “பிள்ளை சட்டையக் கழட்டிட்டு வாங்க. ஆத்துல தலமுழுகித் தண்ணி எடுத்தாரணும்.” பெரியம்மாவுக்கு ஒரே பிள்ளை. அண்ணன் நகரவில்லை. காய்ச்சலாக இருக்கிறது என்றார். பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. காய்ச்சல் என்றால் பெற்றவளுக்குத் தண்ணீர் எடுக்காமல் இருப்பானா?

அண்ணியின் சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே நெல் மூட்டை அடுக்கியிருந்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். “உன் ஆளுங்க வரப்புல நிக்கறாங்கன்னு பயப்படறாரு. கழட்ட மாட்டாரு. அந்தக் கிழவி எத்தன நேரம் அங்க கெடக்கும், நீயே சொல்லு” என்றாள். இப்போது அவள் நிஜமாகவே அழுதாள்.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். மதகில் வாங்கிய வெட்டுக்கு இந்த மனிதர் ஒரு வார்த்தை பதில் சொன்னாரா? பயந்து சாகட்டுமே என்று நினைத்தேன். அப்புறம் வெளியே குளிர்ந்து கிடந்தவளை நினைத்தேன். சேலைக்குள் கையை விட்டுப் பட்டைகளைப் பிடித்து இழுத்தேன். பர்ரென்ற சத்தத்தோடு பிரிந்தது. மூட்டைமேல் போட்டேன். “அவரக் கூப்பிடுங்க அண்ணி” என்றேன்.

அண்ணன் வாசற்படியிலேயே நின்றார். மூட்டைமேல் கிடந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேஸ் ஆரம்பித்த பிறகு நாங்கள் நேருக்கு நேர் நின்றது அன்றைக்குத்தான்.

“உன்னுதும் கறுப்புதானா?” என்றார்.

“ஆமாண்ணே.”

“வேர்க்குதா?”

“கொல்லுது.”

தலையை ஆட்டினார். “கழுத்துக்கு ஒண்ணுமே இல்லம்மா இதுல. கேட்டேன், அதுக்குத் தனியா வாங்கணும்னுட்டான்.”

சட்டைப் பொத்தானை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார். முதல் பொத்தானே அவிழவில்லை. அண்ணிதான் அவிழ்த்துவிட்டாள், பட்டைகளையும் அவளே பிரித்தாள். உள்ளே முதுகு பூராவும் வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகிக் கிடந்தது. வெற்று உடம்போடு நின்றபோது அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மூட்டையைப் பார்த்துக் கேட்டார்:

“அம்மாவுக்குத் தண்ணி எடுக்கணும். ஆத்துக்குப் போயிட்டு வரலாமாம்மா?”

என்னை வெட்டுவேன் என்றவர், உயிரோடு போய் வரலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். “நான் முன்னால நடக்கறேன், நீங்க பின்னாலேயே வாங்க” என்றேன்.

ஆற்றுக்குப் போகிற சடங்கில் பெண்பிள்ளை முன்னால் நடப்பது எங்கள் ஊரில் கிடையாது. அன்றைக்கு யாரும் வாயைத் திறக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் பின்னால் வந்தார். வரப்பில் நின்ற பையன்களில் ஒருத்தன் அவருடைய வெற்று மார்பையே பார்த்துக்கொண்டிருந்தான். “எறங்குங்கடா, வழிய விடுங்க” என்றேன். ஒவ்வொருத்தனாகச் சேற்றில் இறங்கி நின்றான்.

அவர்களைத் தாண்டிப் பாதி வரப்பு போன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவரை அவர்களிடமிருந்து காப்பாற்றிக் கூட்டிவந்துவிட்டேன். இப்போது என் முதுகு அவர் பக்கம் இருக்கிறது, முதுகில் வெறும் துணியைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் அவர் காலடி சேற்றில் சளக் சளக் என்று நெருங்கி வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

“பாத்துப் போம்மா, வழுக்கும்” என்றார் அண்ணன்.

அதைக் கேட்டதும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். சாவுக்கு வந்து அவ்வளவு நேரம் கழித்து, பெரியம்மாவுக்காக அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.