நிழலில் போடச் சொன்ன வண்டி

"வண்டிய ஆஃப் பண்ணாதய்யா, ரெண்டே நிமிசம்." எங்கள் ஓவர்சியரை நினைத்தால் இந்தக் குரல்தான் முதலில் வருகிறது, கூடவே பழைய ஜீப்பின் டீசல் புகையும். வீடுகளைப் பார்வையிட்டுச் சான்று எழுதுவது அவர் வேலை. கள்ளக்குறிச்சியைச் சுற்றி அவரை ஏற்றிக்கொண்டு அலைவது ஒப்பந்த டிரைவரான என் வேலை. ஒரு வீட்டைப் பார்க்க அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்பது வண்டியை நிறுத்தும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தியாகதுருகம் பக்கம் மாடி எடுக்க அனுமதி கேட்ட பண்ணைக்காரர் வீடு என்றால், "நிழலாப் பாத்துப் போடு" என்பார். ஷூவைக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனால், அளவெடுத்து, இளநீர் குடித்து, நாட்டுக்கோழிக் குழம்பில் கைநனைத்து, ஏப்பம் விட்டபடி வெளியே வரப் பொழுது சாய்ந்துவிடும். கூலிவேலைக்காரர்கள் தெரு என்றால் 'ஆஃப் பண்ணாதே'தான். ஜீப்பில் இருந்தபடியே கழுத்தை நீட்டுவார், மூக்கில் கர்ச்சீப். பார்வையிட்டாயிற்று.

யாராவது கேட்டால் விளக்கம் மட்டும் சுத்தமாக வரும். "வூடு பெருசுன்னா டைம் ஜாஸ்தி ஆவும். பழசுன்னா இன்னும் ஜாஸ்தி. விரிசலு, ஒழுவலு எல்லாம் பாக்கணும்ல?" வாய் கூசாமல் சொல்வார். அந்தப் பேச்சுப்படி பார்த்தால் கல்வராயன் மலைமேல் இருந்த தொகுப்பு வீடுகளில்தான் அவர் நாள்கணக்கில் கிடந்திருக்க வேண்டும். எப்போதோ அரசாங்கம் கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் அவை. உள்ளே மேல்தளத்தில் காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. எது குடியிருக்க லாயக்கு, எதைப் பழுதுபார்க்க வேண்டும் என்று எழுதத்தான் எங்களை மலைக்கு அனுப்பினார்கள்.

கடைசி வீட்டு அம்மா ஜீப்புக்கே ஓடிவந்துவிட்டது. "உள்ள வந்து ஒருதரம் அண்ணாந்து பாருங்க சார். நேத்துகூட ஒரு சில்லு வுழுந்துச்சி. எம் பொண்ணு புள்ள பெத்துப் படுத்துக்கினு இருக்கா." அவர் தன் காலைக் காட்டினார். "இதக் கழட்டி மாட்டவே நேரமாவும்மா. எனுக்கு எங்க டைம் கீது?" அந்த அம்மா, "ஷூவோடவே வாங்க சார், நான் கழுவி வுட்டுக்கிறன்" என்றது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்ஜினை அணைத்தேன். "செல்ஃப் எடுக்கல சார்" என்று புளுகிவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா ஒயரைத் தடவிக்கொண்டிருந்தேன். நேரம்தானே இல்லை உனக்கு, இந்தா வைத்துக்கொள். மனுஷன் செல்போனில் வீடியோ பார்த்தார். பிறகு சீட்டைச் சாய்த்துத் தூங்கினார், குறட்டை வேறு. வாசல் நாலு எட்டுத்தான். அந்த அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் கண் திறக்கும்வரை நின்றது. எழுந்தவர் கொட்டாவி விட்டார், "நல்லாத்தான் கீது" என்று முணுமுணுத்தபடி அப்படியே எழுதியும் வைத்தார். த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா?

அந்த ஐப்பசி மழையில் அதே வீட்டின் மேல்தளம் பெயர்ந்து விழுந்தது. குழந்தையை அணைத்துக் குனிந்த அந்த அம்மாவின் மகள் தோள்மேல். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுக்குத்தான் வலது கை மேலே எழும்பாமல் போயிற்று. அவள் தலையை இன்றும் அம்மாதான் வாரிப் பின்னிவிடுகிறது. மேலதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் ஓவர்சியர் அவர்களுக்கு முன்பே மலையேறினார். அந்த வாசலில் ஷூவைக் கழற்றினார். டேப் பிடித்தார், சுவரைத் தட்டினார், அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். ஒற்றை அறை, அதற்கு அரை நாள். உள்ளே போகும் முன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "லேட்டாவும்யா, வண்டிய நிழல்ல போடு." அன்று சாயங்காலமே சாவியை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சொந்தமாக ஒரு கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். வீட்டுக் கடன் கேட்டவர்களின் வீட்டைப் பார்த்து மதிப்புப் போட, பேங்க் சார்பில் சின்னசேலம் பக்கம் போகும் பையன்கள் அவ்வப்போது ஏறுவார்கள். நல்ல பையன்கள்தான். ஆனால் ஓட்டு வீடும் சந்துமாக இருந்துவிட்டால் அதே பாட்டு: "அண்ணே, ஆஃப் பண்ணாதீங்க, ரெண்டு நிமிசம்." நான் சாவியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

"உள்ள போயி அண்ணாந்து பாத்துட்டு வா தம்பி. அதுவரிக்கும் வண்டி கெளம்பாது."