கையெழுத்துக்கு மேலே ஒரு கோடு

கீரமங்கலம் பக்கம் ஓர் ஊராட்சியில் நான் செயலராக இருந்தபோது, கிராம சபைக் கூட்டத்துக்குப் பூ விவசாயம் செய்யும் ஒரு பெண்மணி தவறாமல் வருவார். ஐம்பதை நெருங்கிய வயது, வெயிலில் கறுத்த முகம். கட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் இருக்கும்.

எங்கள் பகுதியில் எண்ணெய்க் கிணறு தோண்ட மத்திய அரசு அனுமதி கொடுத்த பிறகு, ஒவ்வொரு கூட்டத்திலும் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர் மட்டும் தீர்மானப் புத்தகத்தை வாங்கி, நான் எழுதிய கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்துக் குறுக்கே கோடு போடுவார். என்னை நம்பவில்லையே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "டெல்லியில அனுமதி குடுத்தாச்சும்மா. மாநில அரசையே கேக்கலங்கிறாங்க. நம்ம தீர்மானம் அங்கிட்டுப் போயி என்ன செய்யப்போவுது?"

கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கேக்காமச் செய்யிறத நம்மளால தடுக்க முடியுதோ என்னமோ சார். ஆனா, கேட்டோம், சரின்னுட்டாங்கன்னு நாளைக்கு யாரும் இதுல ஒரு வரி சேத்துறக் கூடாதுல்ல."

பூவுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

கிணறு இன்னும் வரவில்லை, அனுமதியும் ரத்தாகவில்லை. அந்தப் புத்தகத்தில் எத்தனையோ பக்கங்களில் அவர் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை நான் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. இப்போது இலுப்பூர் பக்கம் வேறோர் ஊராட்சியில் வேலை. இங்கே யாரும் ஸ்கேல் கொண்டுவருவதில்லை. அந்தக் கோட்டை நானே போட்டுவிடுகிறேன், கொஞ்சம் கோணலாக.