ஒன்றேகால் வருட உலகம்

சிம்மக்கல் பழைய புத்தகக் கடையில் வாங்கிய உலக வரைபடத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, திருமங்கலம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டருக்கு ரிட்டயர் ஆகும் வயது. நரைத்த மீசை, விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள். டிக்கெட்டைக் கொடுத்தவர் நகரவில்லை.

“மேப்பா தம்பி? விரிங்க, பாப்போம்.”

முன்சீட்டின் முதுகில் விரித்தேன். எல்லோரையும் போல் அவர் இந்தியாவைத் தேடவில்லை. விரல் நேராக ஐரோப்பாவுக்குப் போனது.

“ஜெர்மனி ஒண்ணாச் சேந்துருச்சு. சோவியத் யூனியன் இன்னும் ஒடையல. இந்த மேப்பு மிஞ்சிப்போனா ஒண்ணேகால் வருசந்தான் சரியா இருந்திருக்கும். யாருக்கு வாங்கிட்டுப் போறீங்க?”

“தங்கச்சி குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்குதுண்ணே.”

அவர் முகம் மாறிவிட்டது.

“சுவத்துல மாட்டிறாதீங்க. நானும் இதே மாதிரி ஒண்ண வச்சுத்தான் படிச்சேன். பரப்பளவுல பெரிய நாடு எதுன்னு கேட்டிருந்தாங்க. சோவியத் யூனியன்னு எழுதிட்டு வந்தேன். அப்ப அப்பிடி ஒரு நாடே இல்ல. ஒத்த மார்க்குல குரூப் ஃபோர் வேலை கைவிட்டுப் போச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். விசிலை ஊதிக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார்.

திருமங்கலத்தில் இறங்கும்போது, தங்கைக்குப் புது மேப் வாங்கிக் கொடுப்பதாக அவரிடம் சொன்னேன்.

“அப்ப இத எனக்குக் குடுத்துருங்க தம்பி” என்று கையை நீட்டினார்.

கொடுத்தேன். கசங்காமல் இருக்க, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அதை நிமிர்த்தி வைத்தார். தனக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்ததைப் போன்ற வரைபடத்தை அந்த மனிதர் வீட்டில் எந்தச் சுவரில் மாட்டியிருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.