யோகமலர் வெட்டி ஒட்டிய வசனம்

உப்புவெளியில் இருக்கும் அந்தச் சிறிய சபைக்குப் புதுவருடம் யோகமலரின் பித்தளைத் தட்டில்தான் தொடங்கும். காலை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் முன்னே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, தட்டிலிருந்து ஓர் அட்டையை எடுப்பார்கள். அதில் உள்ள வேதவசனம் அந்த வருடம் முழுவதும் அந்த வீட்டுக்குரியது. மாற்றக்கூடாது. பிடிக்கவில்லை என்று இன்னொன்று எடுக்கவும் கூடாது. பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்பது போன்ற ஆறுதலான வசனங்களைப் பாஸ்டர் பொறுக்கிக் கொடுப்பார். யோகமலர் மார்கழி முழுக்க அவற்றை அட்டையில் எழுதி, ஓரத்தில் பூப்போட்டு வைப்பாள்.

அவள் பிறந்தது வெருகலில். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து வந்து, உப்புவெளிக் கடற்றொழிலாளி காசிநாதருக்கு வாழ்க்கைப்பட்டாள். சுனாமிக்குப் பிறகு தகரக்கொட்டிலில் கிடந்த நாட்களில் சபைப் பெண்கள் வந்து பக்கத்தில் குந்தியிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை, சும்மா இருந்தார்கள். சபையில் சேர அது அவளுக்குப் போதுமாக இருந்தது. காசிநாதர் மட்டும் இன்றுவரை வெருகல் முருகனை விடவில்லை. "வீட்டுக்கு ரெண்டு பக்கத்தாலயும் காவல்" என்று பகிடி விடுவார்.

இந்தப் புதுவருடத்தில் புல்மோட்டையிலிருந்து சபையாரின் உறவுக்காரர் எதிர்பாராமல் வந்து இறங்கினார்கள். அட்டைகள் போதவில்லை. ஆராதனை தொடங்கப் போகும் நேரம். யோகமலர் சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டியைக் கழற்றினாள். நாளுக்கொரு வசனம் போட்ட கிறிஸ்தவ நாட்காட்டி அது. கிடைத்த தாள்களில் இருந்த வசனங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, பூ மட்டும் போட்டு மிஞ்சியிருந்த வெற்று அட்டைகளில் ஒட்டித் தட்டில் போட்டாள். மூக்குக்கண்ணாடி வீட்டில் கிடந்தது. நாட்காட்டியில் கெட்டதையா போட்டிருக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த அட்டைகளில் ஒன்றை வீட்டுக்காக எடுத்தது அவளுடைய மகள் சுதர்சிகா. அவளும் கணவனும் தாய்வீட்டிலேயே இருந்தார்கள்.

இரண்டு பேர் வயலில் இருக்கும்போது ஒருவன் எடுத்துக்கொள்ளப்படுவான், மற்றவன் விடப்படுவான் என்று அதில் இருந்தது.

சுதர்சிகாவின் கணவன் லோஜனும் அவளுடைய அண்ணன் மதிசுதனும் ஒரே வள்ளத்தில் தொழில் செய்பவர்கள். வாடைக்காற்றுக் காலத்தில் உப்புவெளிக் கடல் ஆகாது என்று வள்ளத்தை உள்துறைமுகப் பக்கம் கொண்டுபோய்க் கட்டியிருந்தார்கள். அங்கிருந்து கொட்டியாரக் குடாவுக்குள் வலை போடுவார்கள். ஒருவன் இஞ்சினைப் பிடிக்க மற்றவன் வலை இழுக்க வேண்டும். ஒருவனால் ஆகிற வேலை இல்லை.

மறுநாள் சுதர்சிகா லோஜனை விடவில்லை. அட்டை அலுமாரிக் கண்ணாடியில் செருகப்பட்டிருந்தது. தலை சீவப் போகும் போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

"பிள்ளை, அதில வயலெண்டுதானே கிடக்கு?" என்றார் காசிநாதர். "இவன் நெல்லு விதைக்கிறவனே? கடலுக்குப் போறவன். போகட்டும்."

"அப்பா, பகிடி விடாதேங்கோ. வேதத்தில வயலெண்டால் அவரவர் செய்யிற தொழில். எங்களுக்கு வயல் கடல்தான்."

"அப்ப எடுபடுகிறது நல்லதோ, விடுபடுகிறது நல்லதோ? அதையாவது கேட்டுச் சொல்லு. நான் மருமகனை எந்தப் பக்கத்தில இருத்துறதெண்டு பாப்பம்."

சுதர்சிகா போய்க் கேட்டாள். எடுத்துக்கொள்ளப்படுவது பரலோகத்துக்கு என்று சபையில் ஒரு பெண் சொன்னாள். வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது போல எடுபடுவது என்று இன்னொருத்தி சொன்னாள். இரண்டையும் கேட்டுவிட்டு வந்த சுதர்சிகா, வாசல் கதவைச் சாத்திவிட்டு லோஜனின் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள்.

யோகமலரால் பொறுக்க முடியவில்லை. மகளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னாள்.

"அது பாஸ்டர் தந்த வசனமில்லை, பிள்ளை. அட்டை காணாதெண்டு நான் கலண்டரில வெட்டி ஒட்டினது. வாசிச்சும் பாக்கேல்லை. என்ர பிழை. அதைக் கழட்டி எறி."

சுதர்சிகாவின் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள். தெளியவில்லை. இன்னும் வெளிறியது.

"நீங்கள் வாசிச்சிருந்தால் ஒட்டியிருக்க மாட்டீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப நீங்கள் வாசிக்காமல் விட்டதும், அது என்ர கையில வந்ததும் சும்மாவோ? மனுசர் பொறுக்கித் தந்திருந்தால் நான் பயந்திருக்க மாட்டன், அம்மா."

சொல்லியிருக்கவே கூடாது என்று யோகமலருக்குப் பட்டது. கொழும்பில் நின்ற பாஸ்டருக்கு அழைப்பெடுத்தாள். "அது ஆண்டவர் வாற நாளைப் பற்றினது, ஆர் எடுபடுவினம் எண்டு சொல்ல வந்த வசனமில்லை, அக்கா" என்றார் அவர். "தனியா வெட்டி எடுத்தால் அப்பிடித்தான் பயமுறுத்தும். மேலயும் கீழயும் வாசியுங்கோ." பேருந்து இரைச்சலில் மிச்சம் கேட்கவில்லை. மகளிடம் சொன்னாள். மகள் தலையை ஆட்டினாள், கதவைத் திறக்கவில்லை.

மதிசுதன் சில நாள் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு விடியற்காலை வந்து முற்றத்தில் நின்று கத்தினான்.

"மச்சான்! வாறியோ, இல்லாட்டி பொஞ்சாதியின்ர சீலைக்குப் பின்னால நிக்கிறியோ?"

உள்ளே லோஜன் எழுந்த சத்தமும் கதிரை உரசிய சத்தமும் கேட்டன. கதவு திறக்கவில்லை.

"சரி. நீ விடுபட்டு இரு. நான் எடுபட்டுப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனான். தனியாகப் போவான் என்று ஒருவரும் நினைக்கவில்லை. போனான்.

மத்தியானத்துக்கு முன் வர வேண்டியவன் வரவில்லை. கைபேசி அடிக்கவில்லை. தென்னைகளை வளைத்துக்கொண்டு காற்று எழும்பியது. மதிசுதனின் மனைவி மேனுஜா பயத்தைக் காட்டாமல் வேறு எதையோ கதைத்துக்கொண்டே குசினிக்குள் வந்தாள். அவளும் சுதர்சிகாவும் அங்கேதான் உரலில் மா இடித்து, இடியப்பம் அவித்து, விருந்தினர் விடுதிகளுக்குக் கொடுப்பார்கள். ஒருத்தி உலக்கையைத் தூக்க மற்றவள் குத்துவாள். அன்று உலக்கையை ஒருத்தியும் தொடவில்லை. மேனுஜாவின் கதை நடுவில் அறுந்தது.

"மச்சாள், உங்கட மனுசன் பத்திரமா இருக்கிறார்தானே? நல்லது. என்ர மனுசனை எடுக்கட்டும். அட்டைக்கு ஆள் சரி."

"அண்ணியோ நீங்கள் கதைக்கிறது? என்ர அண்ணன் அவர்!"

"அண்ணனெண்டு இப்பதான் நினைவு வந்ததோ?"

லோஜன் கதவடியில் வந்து நின்றான். வெளியே போகச் சேட்டு மாட்டியிருந்தான். "கிண்ணியாவில மீன்பிடிக்கிற ஹிஸ்புல்லாவிட்டக் கதைச்சனான். மச்சானைத் தேட வள்ளம் இறக்கிறாராம். நான் போறன்."

சுதர்சிகா எழுந்து குறுக்கே நின்றாள். "நீங்கள் இறங்கினாத்தான் ரெண்டு பேர் ஆகும். வசனம் அப்பத்தான் சரிவரும்."

எல்லோரும் யோகமலரைப் பார்த்தார்கள். போ என்றால் மகளின் கணவனைக் கடலுக்கு அனுப்புகிறாள். நில் என்றால் பெற்ற மகனைக் கைவிடுகிறாள். அலுமாரியடிக்குப் போய் அட்டையைக் கண்ணாடியிலிருந்து உருவினாள். வேதாகமத்தை எடுத்து, இந்த முறை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த இடத்தைத் தேடிப் பிடித்தாள். கத்தரிக்கோல் வெட்டிவிட்ட அடுத்த வரியில் அவளுடைய விரல் நின்றது.

"சுதர்சிகா, இதைக் கேள். ரெண்டு பொம்பிளையள் மா அரைச்சுக்கொண்டிருப்பினமாம். ஒருத்தி எடுபடுவாளாம், ஒருத்தி விடுபடுவாளாம்."

மேனுஜா உரலைப் பார்த்தாள்.

"இதில எவள் நீ, எவள் அவள்? சொல்லு பாப்பம். இத்தனை நாளா ரெண்டு பேரும் ஒரே உரலிலதானே இடிச்சனீங்கள்? புருசனை வீட்டுக்குள்ள பூட்டி வைச்சாய். உலக்கையை எங்க பூட்டப்போறாய்?" அவளுடைய குரல் உடைந்தது. கோபத்தால் அதைச் சேர்த்துப் பிடித்தாள். "அதுக்கும் கீழ என்ன கிடக்கு தெரியுமோ? எந்த நேரமெண்டு ஒருத்தருக்கும் தெரியாது, முழிச்சிருங்கோ எண்டு கிடக்கு. கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ எண்டு இல்லை. உன்ர அண்ணன் அங்க தனிய நிக்கிறான்."

சுதர்சிகா தாயின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் தானே வாசித்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். வெளியே ஒரு ஓலை முறிந்து விழுந்தது.

"எனக்குப் பயம் போகேல்லை" என்றாள்.

"எனக்கு மட்டும் போயிட்டுதோ?" என்றாள் யோகமலர்.

சுதர்சிகா வழியை விட்டு விலகினாள். உள்ளே போய், கதவுக்குப் பின்னால் தொங்கிய செம்மஞ்சள் மிதவை அங்கியை எடுத்து வந்து, கணவனின் நெஞ்சில் பட எறிந்தாள்.

லோஜன் போன பிறகு காத்திருப்பு. காசிநாதர் வெளிப்படலையில் நின்று பீடி பற்றவைக்க முயன்றார். காற்று விடவில்லை. மேனுஜா அசையாமல் இருந்தாள். சுதர்சிகா திடீரென்று எழுந்து உரலில் அரிசியைக் கொட்டி உலக்கையைத் தூக்கினாள். தனியாக நாலைந்து குத்துக் குத்தினாள். மேனுஜா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மற்ற உலக்கையை எடுத்தாள். இருவரும் மாறி மாறி, வழக்கத்தைவிட வேகமாக இடித்தார்கள். ஒரு தப்புக் குத்து விழுந்தாலும் விரல் போய்விடும் என்று யோகமலர் பார்த்துக்கொண்டு நின்றாள். நிறுத்தச் சொல்லவில்லை.

பொழுது சாயும் நேரம் கைபேசி அடித்தது. ஹிஸ்புல்லா.

"உம்மா, உங்கட ரெண்டு பேரும் என்ர வள்ளத்திலதான் நிக்கிறாங்க. உங்கட மகன் மூதூர்ப் பக்கம் இஞ்சின் நிண்டு போய் நங்கூரம் போட்டுக்கொண்டு கிடந்தவன். குளிர்ல நடுங்குறான், வேற ஒண்டும் இல்ல. ஏதோ எடுபட்டதாம், விடுபட்டதாம் எண்டு ரெண்டு பேரும் அப்பயிருந்து சண்டை. நான் ரெண்டு பேரையும் எடுத்துப்போட்டன் எண்டு சொல்லுங்க!"

மேனுஜா உரலடியிலேயே குந்தி முகத்தை மூடிக்கொண்டாள். சுதர்சிகா அவளுக்குப் பக்கத்தில் குந்தவில்லை. ஆனால் அவள் கைவிட்ட உலக்கையை எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

இஞ்சினைத் திருத்தி, காற்றும் அடங்கிய பிறகு, இருவரும் மறுபடி தொழிலுக்குப் புறப்பட்டார்கள். சுதர்சிகா அந்த அட்டையை அலுமாரிக் கண்ணாடியிலேயே திரும்பவும் செருகியிருந்தாள். வருடம் முடியும்வரை கழற்றக்கூடாது, அது சபை வழக்கம். ஆனால் வசனத்துக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில், விடுபட்ட வரிகளைத் தன் கையால் எழுதியிருந்தாள். மா அரைக்கும் பெண்களும் இருந்தார்கள். விழித்திருங்கள் என்பதும் இருந்தது. இடம் போதாமல் கடைசி எழுத்துகள் யோகமலர் வரைந்த பூவின் மேல் ஏறியிருந்தன.

படலையடியில் நின்று சுதர்சிகா கத்தினாள்: "ரெண்டு பேரும் ஒண்டா வாங்கோ! இல்லாட்டி ரெண்டு பேருமே வீட்டு வாசலை மிதியாதேங்கோ!"

"கேட்டியோ மச்சான்," என்றான் மதிசுதன், "உன்ர பொஞ்சாதி புது வேதம் எழுதுறாள்."

லோஜன் சிரித்தான். சுதர்சிகா சிரிக்கவில்லை. அவர்களுடைய மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்பும்வரை பார்த்துவிட்டு, குசினிக்குள் போய், கைபேசியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்து, உலக்கையை எடுத்தாள்.